குளக்கரைக் கணக்கும் விஞ்ஞானமும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மயில்களைப் பற்றிய முறையீடு நம் கொங்கு நாட்டில் புதிதன்று. சோளக்காட்டிலும் நிலக்கடலையிலும் தக்காளித் தோட்டத்திலும் அவை புகுந்து விளைச்சலைப் பாழாக்குகின்றன என்று மனுக் கொடுக்கிறோம். குறை உண்மையானதே. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மிக உயர்ந்த காப்பை அளித்துள்ளது. ஆனால் இன்று நாம் பேச வந்தது சட்டத்தைப் பற்றியன்று. மனுவில் “ஏராளமான மயில்கள்” என்று எழுதுகிறோம். எத்தனை? எந்த மாதத்தில்? சென்ற ஆண்டைவிடக் கூடுதலா, குறைவா? இதற்கு விடை சொல்லும் தாள் நம் கையில் இல்லை.

அத்தகைய தாளைப் பொதுமக்களே எழுதி விஞ்ஞானிகளுக்குத் தரும் முறையொன்று உண்டு. அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்பவர், கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுடும் வழக்கத்துக்கு மாற்றாக அவற்றை எண்ணும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். அது இன்றளவும் நடைபெறுகிறது. 2002இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடமும் ஆடுபன் சங்கமும் சேர்ந்து ‘ஈபேர்ட்’ என்னும் இணையக் கணக்கேட்டை உண்டாக்கின. உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் தாம் கண்ட பறவைகளை அதில் பதியலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடந்து வருகிறது. நம் பக்கத்துப் பெண்களும் குழந்தைகளும் பூப்பறிக்கப் புறப்படும் அதே நாட்கள்தாம்!

முறை எளிது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்றோ நடந்தோ பார்க்க வேண்டும். இடம், தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் எண்ணிக்கையுடன் எழுத வேண்டும். “நிறையக் கொக்கு” என்பது கணக்கன்று. “உண்ணிக்கொக்கு 40” என்பதே கணக்கு. ஐயமிருந்தால் எழுதாமல் விடுவதே நல்லது. வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால், அப்பகுதிப் பறவைகளை நன்கறிந்த தொண்டர் ஒருவர் அதைச் சரிபார்த்து விளக்கம் கேட்பார்.

காகம், மைனா போன்ற சாதாரணப் பறவைகளை எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். எழுதியே ஆக வேண்டும். கண்டதனைத்தையும் எழுதிய பட்டியலில்தான் காணாததும் செய்தியாகிறது. பத்து ஆண்டுப் பட்டியல்களில் வந்துகொண்டிருந்த ஒரு பறவை பதினோராம் ஆண்டில் இல்லையென்றால், அது தெரிய வேண்டுமல்லவா?

இவ்வாறு சேர்ந்த பதிவுகளைக் கொண்டே ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை 2020இலும் 2023இலும் வெளியாயிற்று. பிந்தியது முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அளித்த மூன்று கோடிப் பதிவுகளிலிருந்து 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. நாடு முழுவதற்கும் அவ்வளவு பேரை எந்த அரசாங்கம்தான் சம்பளத்துக்கு அமர்த்த முடியும்? மயில் பெருகிப் பரவியிருப்பதை அவ்வறிக்கையும் சொல்கிறது. நம் விவசாயி சொன்னதற்கு இது சாட்சி. ஆனால் அதே ஏட்டின் மற்றொரு பக்கத்தில் பனங்காடை குறைந்து வருவதாகக் காண்கிறோம். வெட்டுக்கிளியையும் வண்டுகளையும் தின்று கூலியின்றி நமக்கு உழைத்த பறவை அது. இலாபத்தை மட்டுமோ நஷ்டத்தை மட்டுமோ எழுதினால் எந்தக் கணக்கும் நேராகாது.

திருப்பூருக்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளத்தை நீங்கள் அறிவீர்கள். ஏறத்தாழ 310 ஏக்கர். பாசனத்துக்காகப் பராமரிக்கப்பட்ட பழைய குளம். 2022இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அப்போது வெளியான விவரத்தில் 191 வகைப் பறவைகள் அங்குக் காணப்படுவதாகக் குறிக்கப்பட்டது. இத்தகைய எண்ணிக்கை ஒரே நாளில் கிடைப்பதன்று. யாரோ பல காலைகள் கரையில் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்த்ததை எழுதியும் வைத்திருக்க வேண்டும். ஈரோட்டு வெள்ளோடு 2022இலேயே அப்பட்டியலில் இடம் பெற்றது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இக்கணக்கெடுப்பில் ஈடுபடுவோரில் நகரவாசிகளே மிகுதி. அவர்கள் சிங்காநல்லூர்க் குளத்துக்கும் உக்கடம் பெரியகுளத்துக்கும் மனமுவந்து போகிறார்கள். செம்மண் புஞ்சைக்கும் காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டுக்கும் அவ்வளவாக வருவதில்லை. கவுதாரியும் ஆள்காட்டியும் வாழுமிடம் அதுதானே! அவ்விடத்தில் விடியற்காலையில் இருப்பவர் விவசாயி. ஆகையால் இவ்வேலையில் பட்டதாரிக்கில்லாத வசதி அவருக்கிருக்கிறது.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைய வேண்டும். உள்ளூர் மக்களைக் கலந்து, மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேட்டை அது தயாரிக்க வேண்டும். ஒரு தடவை எழுதிப் பீரோவில் பூட்டிவிட்டால் பதிவேடு தயாராகிவிட்டது என்று கருதுவோரும் உண்டு. ஆண்டுதோறும் குளக்கரைக் கணக்கை அதனோடு சேர்த்தால், குளத்தில் கழிவு கலந்ததாகவோ கரையை ஆக்கிரமித்ததாகவோ வழக்கு எழும்போது பஞ்சாயத்துக்குக் காட்டுவதற்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

வரும் பொங்கலுக்கு ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு குளத்தையும் ஒரு புஞ்சைக் காட்டையும் தேர்ந்துகொள்ளட்டும். கைப்பேசி இல்லாதோர் நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதும். பள்ளி மாணவர்கள் பின்னர் அதைப் பதிந்துவிடலாம். ஊர்ப் பெயரிலேயே பறவையைக் குறியுங்கள். சரியான வகையைக் கண்டறிய ஆசிரியர்கள் உதவுவார்கள். மயிலை எண்ணும்போது தோகையுள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று தனித்தனியே எழுதி, வயலில் அப்போது நின்ற பயிரின் பெயரையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.