சினிமா பகத்சிங்

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு தோழர் பேசியது)



பகத்சிங் என்றவுடன் என்ன ஞாபகம் வருகிறது? துப்பாக்கி, தூக்குக் கயிறு, பாட்டு. இவையெல்லாம் பெரும்பாலும் சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தவை. 1965 இல் 'ஷஹீத்' என்ற இந்திப் படத்தில் மனோஜ் குமார் பகத்சிங்காக வந்தார். 2002 ஆம் வருஷத்தில் மாத்திரம் மூன்று படங்கள். அவற்றில் இரண்டு ஜூன் 7 ஆம் தேதி ஒரே நாளில் வெளிவந்தன. வீரனுக்கு அவ்வளவு கிராக்கி!

படம் எடுத்தது குற்றமென்று நான் சொல்லவில்லை. படிக்கத் தெரியாதவரிடமும் அவர் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சினிமாதான். ஆனால் எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று கேட்க வேண்டாமா?

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை ஊற்றுகிறீர்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, மண் ஓரத்தில் ஓடாகப் படிகிறது. மிச்சக் குழம்பைத் திரும்பக் கொட்டிவிடுகிறீர்கள். பொம்மைக்கு மூக்கும் மீசையும் சரியாயிருக்கும், உள்ளே ஒன்றுமிராது. சினிமாக்காரர் கொட்டிவிட்டது பகத்சிங்கின் மூளையை!

1928 இல் 'கிர்த்தி' பத்திரிகையில் தீண்டாமையைக் கண்டித்து எழுதினார். 1930 இல் லாகூர் ஜெயிலில், தூக்கை எதிர்பார்த்துக்கொண்டே, தாம் ஏன் நாத்திகர் என்று எழுதினார். சாவு எதிரே நின்றும் பிரார்த்தனை செய்ய மறுத்தவர். 1931 பிப்ரவரியில், வெடிகுண்டால் பலனில்லை, தொழிலாளிகளையும் குடியானவர்களையும் திரட்டுங்கள் என்று வாலிபர்களுக்கு எழுதினார். மார்ச் 23 இல் தூக்கிலிட்டார்கள். வயது 23.

இவற்றை விரித்துக் காட்டப் படமுதலாளி ஏன் தயங்குகிறார்? வெள்ளைக்காரன் போய்விட்டான், அவனைத் திட்டினால் நஷ்டமில்லை. ஜாதியும் சாமியும் இன்னும் ஊரிலேயே இருக்கின்றன. அவற்றை நம்புகிறவர்களும் டிக்கட் வாங்க வேண்டுமே! இப்படியே போனால் அந்த நாத்திகரின் படத்துக்கே கற்பூரம் காட்டினாலும் ஆச்சரியமில்லை.

தமிழ்நாட்டில் சினிமாவுக்கு முன்பே எழுத்து வந்துவிட்டது. தூக்கு நடந்த ஆறாம் நாள், 29-3-1931 இல், 'குடி அரசு' அவரைப் பற்றித் தலையங்கம் எழுதிற்று. பிறகு அந்த நாத்திகக் கட்டுரையை ஜீவானந்தம் தமிழாக்க, ஈரோட்டில் அச்சாயிற்று. சர்க்கார் சும்மா விட்டதா? மொழிபெயர்த்தவரையும் வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியையும் கைது செய்தது. துப்பாக்கி வைத்திருந்ததற்கல்ல, தோழர்களே, ஒரு சிறு புஸ்தகத்துக்கு!

அந்தப் புஸ்தகம் இன்றும் தமிழில் கிடைக்கிறது. படத்தைத் தாராளமாகப் பாருங்கள். மறுநாள் வேலை விட்டதும் ஒருவர் இதைப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். பத்துப் பேருக்கு ஒரு பிரதி போதும்.