காபிக்கு வழி தெரிந்தது, கல்லூரிப் பிள்ளைக்கு?

(சேர்வராயன் மலை, தலைச்சோலையில் ஆற்றிய உரை)



ஏற்காட்டுக்கு ஏறி வருகிறவர் காற்றைப் புகழ்கிறார், குளிரைப் புகழ்கிறார், ஏரியைப் புகழ்கிறார். ஏறி வருகிறவரைப் பற்றிப் பேச ஏடுகள் உண்டு. இங்கிருந்து இறங்கிப் போகிறவரைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. அவரைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

இந்த மலையிலிருந்து என்னென்ன இறங்கின? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்தார். காபி இறங்கிற்று. அதற்கு விலை கேட்க வணிகர் இருந்தனர். தோட்ட அதிபர்களுக்காக அரசாங்கத்திடம் வாதாடச் சங்கம் இருந்தது. ‘உப்பாசி’ எனும் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கம் 1893-லேயே தோன்றிவிட்டது! பின்னர் பாக்சைட் இறங்கிற்று. மேட்டூர் மால்கோ ஆலை அதை வரவேற்றது. எத்தனை டன், எந்த லாரி, எந்த நாள், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

அவற்றுக்குப் பின் ஒருவன் இறங்கினான். பழங்குடிக் குடிலில் பிறந்தவன். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். மூன்றாண்டு பயின்றான், பட்டம் பெற்றான். பிறகு எங்கே போனான்? எத்தனை கல்லூரிகளில் அதற்குக் கணக்கு உண்டு? கொட்டைக்குக் கணக்கு, கல்லுக்குக் கணக்கு, குழந்தைக்கு மட்டும் கணக்கில்லையா?

தோழர்களே! கல்லூரிக் கதவு தானாகத் திறந்ததன்று. 1921-ல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை கண்டது. 1950-ல் அம்முறை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உரைத்தபோது தமிழகம் கொதித்தெழுந்தது. 1951-ல் அரசியலமைப்பே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 69 விழுக்காட்டுக்கு 1994-ல் 76-ஆவது திருத்தம் காப்பளித்தது. அந்த 69-க்குள் பழங்குடியினருக்கு ஒரு விழுக்காடு உண்டு. போராடிக் கதவைத் திறந்தோம். உள்ளே போகும் வாசலில் விளக்கேற்றிய நாம், வெளியே வரும் வாசலை இருட்டில் விடலாமா?

இதோ ஒரு காட்சி:

“ஐயா, பட்டம் பெற்றேன்.”

“வேலைவாய்ப்பகத்தில் பதிந்துகொள்.”

“பதிந்துவிட்டேன்.”

“காத்திரு. ஐந்தாண்டு கழிந்தால் உதவித்தொகை கேட்கலாம்.”

“எவ்வளவு ஐயா?”

“பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்!”

கொடுக்கும் கையை நான் பழிக்கவில்லை. காத்திருப்பதையே கொள்கை ஆக்கிவிட்டோமே, அதைத்தான் கேட்கிறேன். 1959-ல் ஒரு சட்டம் வந்தது. 25 பேர் பணிபுரியும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை வேலைவாய்ப்பகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அறிவித்தால் போதும், அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை என்றும் அதே சட்டம் சொன்னது! 1961-ல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. கலை, அறிவியல் பட்டதாரிக்கு அதன் கதவு திறக்க 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம் பழகுநரை ஏற்றே ஆக வேண்டும். இந்தச் செய்தியை மலைப்பிள்ளையின் காதில் சொன்னவர் யார்?

சொல்ல வேண்டியவர் கல்லூரியில் இருக்கிறார். ‘பிளேஸ்மெண்ட் ஆபீசர்’ என்று பெயர். பல கல்லூரிகளில் அவர் யார்? காலையில் வகுப்பு, மாலையில் விடைத்தாள்; எஞ்சிய நேரத்தில் நூற்றுக்கணக்கானோரின் எதிர்காலம்! 2022 மார்ச்சு 1-ல் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கிற்று. பயிற்சி வந்தது, பாராட்டுகிறோம். பயிற்சி பெற்றவனைப் பணியிடம் வரை அழைத்துச் செல்லும் முழுநேர மனிதர் வேண்டாமா?

அமெரிக்காவில் இப்பணியாளர்களின் அமைப்பு 1956-ல் உருவாயிற்று. பிரிட்டனில் 1967-ல் சங்கம் கண்டனர். பட்டம் பெற்றவர் எங்கே சென்றார் என்று கணக்கெடுக்கும் முறையை அமெரிக்கச் சங்கம் வகுத்தது. கூலியின்றி மாணவரிடம் வேலை வாங்குவது தகாது என்று அரசிடம் வாதாடிற்று. தோட்ட அதிபருக்குச் சங்கம் தகுமென்றால், மாணவனுக்கு வழிகாட்டுவோருக்கும் தகும். கொள்கை வகுக்கும் மேசையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

“கல்லூரி அறிவுக் கோயில், வேலை தேடித் தரும் கடையா?” என்று சிலர் கேட்கின்றனர். கேட்பவர் யார்? தந்தை வக்கீல், மாமன் மருத்துவர், சிற்றப்பன் கம்பெனி மேலாளர். அவர் வீட்டு வரவேற்பறையே வேலைவாய்ப்பகம்! மாமன் இல்லாதவனுக்குக் கல்லூரிதான் மாமன். அறிவுக்கு நாங்கள் பகைவரல்லர். அறிவு பெற்றவன் பட்டத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டுக் காபிக் கூடையைச் சுமக்கும் கொடுமைக்கே பகைவர்.

ஆகவே கேட்கிறோம்: கல்லூரிதோறும் முழுநேர வேலைவாய்ப்பு அலுவலர் ஒருவர். ஆண்டுதோறும், பட்டம் பெற்றோர் அடைந்த இடம் பற்றிய வெளிப்படையான அறிக்கை. அதில் மலைப்பகுதி மாணவர்க்குத் தனிப் பக்கம். கூலியில்லாப் பயிற்சிக்கு முற்றுப்புள்ளி.

அரசு தரட்டும் என்று நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கிளைத் தோழர்களே! தலைச்சோலையில், நாகலூரில், மஞ்சக்குட்டையில், வெள்ளக்கடையில் வீடுவீடாகச் செல்லுங்கள். பட்டம் பெற்றவர் எத்தனை பேர், அவர் செய்யும் வேலை என்ன, பெறும் ஊதியம் என்ன என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பேட்டைச் சேலத்துக் கல்லூரிகளின் முதல்வர்களிடமும், பெரியார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்திடமும், சட்டமன்ற உறுப்பினரிடமும் கொண்டுபோய் வையுங்கள். முழக்கத்தை மறுக்கலாம்; பெயரும் ஊரும் எழுதிய பட்டியலை மறுக்க எவராலும் முடியாது!

நாளைக் காலையே தொடங்குங்கள்.