ரத்தம் கொடுத்தவர் பெயர் யார் கையில்?

(தாம்பரம் கடப்பேரியில் ஆஸ்பத்திரி ஊழியர்களும் குடியிருப்போரும் சேர்ந்து கூட்டிய கூட்டத்தில் பேசியது)



கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்து ஒரு ஸ்டேஷன் வருகிறது. ஆஸ்பத்திரியின் பெயரே அதற்கும் பெயர்: தாம்பரம் சானடோரியம். இன்று அங்கே ஏற்றுமதி மண்டலத்தில் வேலை செய்கிற நம் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் அப்படியல்ல. அங்கே இறங்குகிறவனைக் கண்டால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் துண்டால் மூக்கை மூடிக்கொள்வான். காசநோய் என்று அவன் நெற்றியிலா எழுதி ஒட்டியிருந்தது? அவன் வாங்கிய டிக்கெட்டே அவனைக் காட்டிக் கொடுத்தது. அதனால் தாம்பரம் வரை போய் இறங்கி, இருமிக்கொண்டே திரும்பி நடந்து வந்தவர்கள் உண்டு என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இதை ஏன் சொல்கிறோம்? நோயாளியின் ரகசியம் டாக்டரின் அலமாரியிலிருந்துதான் வெளியே போகும் என்பதில்லை. டிக்கெட்டில் போகும், ஜீப்பில் போகும், பக்கத்து வீட்டு டெலிபோனில் போகும்.

1928ல் டாக்டர் சௌரி முத்து இங்கே சானடோரியம் துவக்கினார். 1937ல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு எச்.ஐ.வி. வந்தபோது, மற்ற இடங்களில் கதவைச் சாத்தினார்கள். இந்த ஆஸ்பத்திரி கதவைத் திறந்தது. 2004 ஏப்ரல் 1ந் தேதி நாட்டில் எட்டே எட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த எட்டில் தாம்பரம் ஒன்று. நோயாளிகள் இவ்வளவு பேர் ஓரிடத்தில் கூடினால் ஆராய்ச்சிக்காரர்களும் வருவார்கள். உள்நாட்டிலிருந்தும் வருவார்கள், வெளிநாட்டு சர்வகலாசாலைகளிலிருந்தும் வருவார்கள். வரட்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால், ரகசியம் பற்றிப் பேசினாலே “நீங்கள் விஞ்ஞானத்துக்கு விரோதிகளா?” என்று கேட்கிற கனவான்கள் இருக்கிறார்கள்.

விஞ்ஞானம் நமக்கு என்ன செய்தது என்று அவர்களைவிட நமக்குத் தெரியும். 1956ல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி ஒரு மையத்தைத் துவக்கின. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் படுத்தார்கள். மற்றவர்கள் தங்கள் குடிசையிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். 1959ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவனும் ஏறக்குறைய அதே அளவு குணமானான்! பால், முட்டை, சுத்தமான காற்று, மாதக்கணக்கில் படுக்கை இவையெல்லாம் இல்லாமலே மருந்து வேலை செய்தது. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றிய முடிவு அது. படுக்கை கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்த ஏழைக்கு உயிர் கொடுத்த முடிவு. அந்த ஏழைகள் தங்கள் உடம்பைக் கொடுத்ததால்தான் உலகத்துக்கு அது கிடைத்தது.

இன்னொன்றையும் பாருங்கள். 1968ல் நம் செங்கற்பட்டு ஜில்லாவில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை துவங்கியது. (தாம்பரமும் அன்று அந்த ஜில்லாதான்.) சோதனை நடந்தது திருவள்ளூர்ப் பக்கத்து கிராமங்களில். மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கணக்கெடுத்தார்கள். வீடு வீடாக நம்பர் போட்டு, ஆள் ஆளாகப் பெயர் எழுதி, ஊசி போட்டு, பதினைந்து வருஷம் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. பலருக்குக் கசப்பான முடிவுதான். ஆனாலும் உண்மை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பதினைந்து வருஷம் கழித்து அதே ஆளைத் தேடிப் போக வேண்டுமென்றால் பெயர் வேண்டும், விலாசம் வேண்டும். ஆகவே “எங்கள் பெயரையே எழுதாதே” என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சி நடக்காது. அப்படியானால் அந்தப் பெயர் யார் கையில் இருக்கிறது, எந்தப் பெட்டியில் இருக்கிறது, அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி.

முறை என்ன? ஆராய்ச்சியில் சேருகிறவருக்கு ஒரு நம்பர் கொடுக்கிறார்கள். ரத்தப் புட்டியில், சளி டப்பியில், எக்ஸ்ரேயில், வெளியூருக்குப் போகிற காகிதத்தில் எல்லாம் அந்த நம்பர்தான் இருக்க வேண்டும். இந்த நம்பர் இன்னாருடையது என்று சொல்கிற பட்டியல் ஒன்றே ஒன்று. அது சிகிச்சை கொடுக்கிற இடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கூட்டாளி ஸ்தாபனம் லண்டனில் இருந்தாலும் சரி, பெங்களூரில் இருந்தாலும் சரி, அதற்கு நம்பர் போதும். பெயர் எதற்கு?

நம்பர் போட்டுவிட்டால் மட்டும் தீர்ந்து போயிற்றா? தீரவில்லை. பெயரை எடுத்துவிட்டு, ‘பம்மல், தோல் பதனிடும் தொழிலாளி, வயது 52, இடது கையில் மூன்று விரல் இல்லை, மருந்துக்கு அடங்காத காசநோய்’ என்று எழுதி அனுப்பினால் என்ன அர்த்தம்? பம்மலில் நாலு பேரைக் கேட்டால் ஐந்தாவது ஆள் வீட்டையே காட்டிவிடுவான். பெயரோடு ஊரையும், தொழிலையும், அடையாளத்தையும் மழுக்க வேண்டும். 1986ல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள், காப்பு இல்லத்தில் அடைபட்டிருந்த பெண்களின் ரத்தத்தில். மகத்தான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. அந்தப் பெண்களின் பெயர் வெளிவரவில்லை. ஆனால் எந்த மாதிரிப் பெண்கள், எந்த மாதிரி இல்லம் என்பது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது. அந்த இல்லத்திலிருந்து வெளியே வந்த எந்தப் பெண்ணையும் ஊர் அதற்குப் பிறகு எப்படிப் பார்த்திருக்கும்?

நம் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஆஸ்பத்திரியின் பெயரோ ஆராய்ச்சி நடத்தியவர்கள் பெயரோ சொல்லப் போவதில்லை; அந்தச் சகோதரியின் தெருவையும் சொல்லப் போவதில்லை. ஏற்றுமதி மண்டலத்தில் தையல் வேலை. கணவன் இல்லை, ஒரு பெண் குழந்தை. வரிசை வீட்டில் குடியிருந்தார். ஒரு மருந்து ஆராய்ச்சியில் தன் சம்மதத்தோடுதான் சேர்ந்தார். நர்ஸம்மாக்கள் அன்பாக நடத்தினார்கள் என்று அவரே சொல்வார். ஒரு மாதம் ‘ஷிப்ட்’ மாறியதால் குறித்த தேதிக்கு அவரால் போக முடியவில்லை. கொடுத்திருந்த டெலிபோன் எண் பக்கத்து வீட்டுக்காரருடையது. “இன்ன ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம், மருந்து வாங்க வரவில்லையே” என்று அங்கே போன் வந்தது. இரண்டு நாள் கழித்து, நோயின் பெயரைக் கொட்டை எழுத்தில் கதவிலே எழுதிய ஜீப் தெருமுனையில் வந்து நின்றது. இறங்கியவர்கள் அவருடைய வீடு எது என்று பெட்டிக் கடையில் விசாரித்தார்கள்!

அந்த வாரமே வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். தண்ணீர்க் குழாயில் குடத்தை வைக்க விடவில்லை. கம்பெனியில் என்ன சொன்னார்களோ, அடுத்த மாதம் வேலை இல்லை என்றார்கள்.

நாங்கள் நாலு பேர் போய் அதிகாரியைப் பார்த்தோம். அவர் நல்ல மனுஷர். அலமாரியைத் திறந்து காட்டினார். எல்லா ஏட்டிலும் நம்பர்தான். பட்டியல் தனியாகப் பூட்டியிருந்தது. “நாங்கள் யாரிடமும் பெயரைச் சொல்லவே இல்லையே” என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. ஏட்டிலிருந்து பெயர் போகவில்லை, ஜீப்பிலிருந்து போயிற்று! பேசிப் பேசி, வண்டியில் பலகை எடுபட்டது. எங்கே, எந்த எண்ணில், என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்று சேருகிறவரிடமே முதலில் கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கமும் வந்தது. ஆனால் அதற்குள் அந்தச் சகோதரி குழந்தையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். மருந்து என்ன ஆயிற்று என்று தெரியாது. ஆராய்ச்சிக்கும் ஓர் ஆள் குறைந்தது. ரகசியம் காப்பது நோயாளிக்குச் செய்கிற தயவு என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

இப்போது சம்மதப் படிவத்துக்கு வருவோம். இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். தமிழில் இருக்கிறது, பக்கம் பக்கமாக இருக்கிறது, கடைசியில் கையெழுத்து. புதிய மருந்துச் சோதனைகளுக்கு 2019ல் மத்திய சர்க்கார் விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகள் கூறும் படிவத்தில் என்ன இருக்கிறது? சோதனைக்குப் பணம் போடுகிற கம்பெனியும், அதன் சார்பில் வேலை செய்கிறவர்களும், நெறிமுறைக் குழுவும், சர்க்கார் அதிகாரிகளும் உங்களுடைய வைத்தியப் பதிவேட்டைப் பார்க்கத் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்த ஆராய்ச்சிக்கு மட்டுமல்ல, இதைத் தொடர்ந்து வருகிற ஆராய்ச்சிக்கும் பார்க்கலாம். நீங்கள் நடுவில் விலகிக்கொண்டாலும் பார்க்கலாம்! கூடவே, வெளியே கொடுக்கும்போதும் பிரசுரிக்கும்போதும் உங்கள் அடையாளம் வெளியாகாது என்றும் இருக்கிறது. அதே படிவத்தில் விலாசம், தொழில், வருஷ வருமானம், வாரிசின் பெயர் எல்லாம் கேட்கிறார்கள். ஏதாவது நேர்ந்தால் நஷ்ட ஈடு கணக்கிட அது வேண்டும் என்பது நியாயமே. பொய்க் கணக்கு எழுதாமல் மேற்பார்வை பார்க்கவும் யாராவது மூல ஏட்டைத் திறக்கத்தான் வேண்டும். இதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இதை எத்தனை பேருக்கு வாய் திறந்து சொல்கிறார்கள்? “விலகினாலும் உங்கள் ஏடு எங்களிடம்தான் இருக்கும், இன்னார் இன்னார் பார்ப்பார்கள்” என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் ஆரம்பம் முதல் கடைசி வரை கூட இருக்க வேண்டும். வார்டு ஆயாவைக் கூப்பிட்டு “இங்கே ஒரு கையெழுத்துப் போடு” என்பது சாட்சியல்ல. ஆந்திரத்தின் கம்மம் ஜில்லாவில் 2009ல் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். அமெரிக்க ஸ்தாபனமான ‘பாத்’தும் நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூட்டு. 2010ல் கூக்குரல் எழுந்து அது நிறுத்தப்பட்டது. 2013ல் பார்லிமெண்டுக் கமிட்டி அறிக்கை வந்தது. ஆயிரக்கணக்கான படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்! பெற்றோருக்கே தெரியாதபோது ரகசியத்தைப் பற்றி யார் கேட்பது?

சட்டம் ஒன்றும் இல்லையா? இருக்கிறது, சமமாக இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017ல் தனிச் சட்டம் வந்து, 2018 செப்டம்பர் 10ந் தேதி அமலாயிற்று. விவரம் தெரிந்து கொடுத்த சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது, பதிவேட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. போராடி வாங்கிய சட்டம். மருந்துச் சோதனைகளில் எளிதில் ஏமாற்றப்படக் கூடியவர்கள் சம்மதம் கொடுப்பதைப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று விதி வந்தபோதும், எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துச் சோதனைகளில் மட்டும் குரலைப் பதிவு செய்தால் போதும், முகம் வேண்டாம் என்று விலக்கு அளித்தார்கள். சரியான விலக்கு. காசநோய்க்கு? அந்த விலக்கு இல்லை. தனிச் சட்டமும் இல்லை. 2012லிருந்து காசநோயாளியின் பெயரைச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டளைதான் இருக்கிறது. சத்துணவுப் பணம் வர அது உதவுகிறது, நல்லதே. ஆனால் சானடோரியத்தில் இறங்கப் பயந்தவன் காசநோய்க்காரன்தானே, அவன் முகத்துக்கு ஏன் இந்த மரியாதை இல்லை?

தனிப்பட்ட விவரங்களைக் காக்க 2023ல் பொதுச் சட்டம் ஒன்று வந்தது. அதிலே ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் சில நிபந்தனைகளோடு விலக்கு வைத்திருக்கிறார்கள். ஆக, நம் காவல் பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவிடம்தான். அந்தக் குழுவில் ஏழு பேராவது இருக்க வேண்டும். பாதிப் பேராவது ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்து வர வேண்டும். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சாதாரண மனிதர் இருக்க வேண்டும். இது 2019 விதி. அந்தச் சாதாரண மனிதர் யார்? எத்தனையோ இடங்களில் ஓய்வு பெற்ற அதிகாரியையோ யாரோ ஒரு பிரமுகரையோ உட்கார வைக்கிறார்கள். ஜீப் எந்தத் தெருவில் நின்றால் யார் வீடு காலியாகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வரிசை வீட்டில் குடியிருக்கிற ஒருவரை, மருந்து சாப்பிட்டுக் குணமான ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று நம் பகுதி ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மனு எழுதப் போகிறோம். வாசலில் நகல் வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்துக்கு நேராக உங்கள் நோயை எழுத வேண்டாம்!

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் இங்கே யாராவது இருக்கலாம். கை தூக்கச் சொல்ல மாட்டோம். உங்களிடம் ஒரு படிவத்தின் நகல் இருக்கும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஞாயிற்றுக்கிழமை காலை நம் ஆபீசுக்குக் கொண்டு வந்தால் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம். முதல் பக்கத்தில் பெயர் இருக்கிற இடத்தை ஒரு காகிதத்தால் ஒட்டி மறைத்துக்கொண்டு வாருங்கள். எங்களுக்கும் அது தெரிய வேண்டியதில்லை.