அணைத்து வைத்தவர்கள்

இன்று பட்டம் பெறும் வேதிப் பொறியாளர்களே,

‘தி ரயில்வே மென்’ தொடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நடிகர் மாதவனுக்காகவே பார்த்தவர்களும் இருப்பீர்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் விஷவாயு பரவியபோது ரயில்வே ஊழியர்கள் உயிர்களைக் காக்கப் போராடிய கதை. கற்பனை நிறையக் கலந்ததுதான். ஆனால் குலாம் தஸ்தகீர் நிஜ மனிதர். போபால் நிலைய அதிகாரியான அவர், மேலிட உத்தரவுக்குக் காத்திராமல், பயணிகள் நிறைந்த பம்பாய் ரயிலை நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பினார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் ரயிலடியில் அப்படியொரு வீரர் தேவைப்படும் நிலைக்கு ஊரைத் தள்ளியவர்களில் நம் தொழில்காரர்களும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

வாயு கசிந்த யூனியன் கார்பைடு ஆலையின் ஈ610 தொட்டியில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் இருந்தது. தண்ணீர் கலந்தால் சூடேறிப் பொங்கும் திரவம். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில் வைக்க வேண்டியது. குளிரூட்டும் இயந்திரம் இருந்தது. ஜூன் மாதமே நிறுத்திவிட்டார்கள். கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் இருந்தது; அதன் குழாயில் ஒரு துண்டு அரித்துப்போய்க் கழற்றப்பட்டிருந்தது. காஸ்டிக் சோடாவால் வாயுவைக் கழுவும் ஸ்கிரப்பர் ஓய்வில் கிடந்தது. ஓடியிருந்தாலும் அவ்வளவு வாயுவை அது தாங்கியிருக்காது என்பதும் உண்மை. இரவு ஷிப்டின் பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவியைக்கூட எடுத்துவிட்டார்கள். அன்றிரவு தண்ணீர் அந்தத் தொட்டிக்குள் போனது எப்படி என்பதில் இன்னும் சச்சரவு உண்டு. ஆனால் நான் முன்பு சொன்னவற்றில் சச்சரவே கிடையாது. எல்லாம் நிதானமாக எடுத்த முடிவுகள்.

யாரும் எச்சரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1981இல் அதே ஆலையில் ஃபாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி, ஊர் அழியப்போகிறது என்று எழுதினார். வேதிப் பொறியியல் படிக்காத அவருக்குத் தெரிந்தது.

2010இல்தான் தீர்ப்பு வந்தது. ஆயிரக்கணக்கான சாவுகளுக்கு இரண்டாண்டுச் சிறை, அன்றே ஜாமீன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தண்டிக்கப்பட்டவர்களில் ஆலை மேலாளரும் உற்பத்தி மேலாளரும் இருந்தார்கள். நீங்கள் நாளை உட்காரப்போகும் நாற்காலிகள் அவை.

செலவு மிச்சம் என்று சொல்லி, ஒரு பாதுகாப்புக் கருவியை நிறுத்தும் காகிதம் உங்கள் மேசைக்கும் வரும். கையெழுத்துப் போடாதீர்கள். மறுப்பை எழுத்தில் கொடுங்கள். அதனால் வேலை போனால் என்னைத் தேடி வாருங்கள்; அடுத்த வேலைக்கு நானே உங்களுக்காகப் பேசுகிறேன்.