கயிறும் கேள்வியும்

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அரங்கிலே அமர்ந்திருந்தோர்க்கு அன்று சொன்னதையே, இன்று இத்தாளைக் கையிலேந்தித் தேநீர்க் கடைப் பலகையிலும் வீட்டுத் திண்ணையிலும் அமர்ந்து படிக்கின்ற உங்களுக்கும் சொல்கிறேன். 'நாட்டு நிலைமை' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பெரிய தலைப்பு! அந்த நாட்டு நிலைமையை ஒரு வகுப்பறையின் வாயிற்படியிலே நின்று பார்க்கலாம் என்று நானாகத்தான் சுருக்கிக் கொண்டேன். காரணம் இருக்கிறது.

சில நாட்களுக்கு முன்னர் ஆசிரிய நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். முகத்திலே வாட்டம். எட்டாம் வகுப்பிலே அவருக்கு நீதிபோதனைப் பாடவேளை. சாதிக் கயிறு கட்டக்கூடாது என்ற கட்டளையை மாணவர்களிடம் படித்துக் காட்டியிருக்கிறார். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்திருக்கிறான். "ஐயா! இந்தக் கயிற்றைச் சாமி கயிறு என்று சொல்லித்தான் எங்கள் அப்பத்தா கட்டிவிட்டார். அவிழ்த்தால் சாமி குற்றம் என்கிறார். அவிழ்க்காவிட்டால் பள்ளிக்கூடக் குற்றம் என்கிறீர்கள். நான் எந்தக் குற்றத்தைச் செய்யட்டும்?"

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் "உட்கார்" என்றார். மணி அடித்தது.

"நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?" என்று நண்பர் என்னைக் கேட்டார். எனக்கும் உடனே விடை வரவில்லை, தோழர்களே! மேடையேறி ஒரு மணி நேரம் முழங்கத் தெரிந்த எனக்கு, பதின்மூன்று வயதுச் சிறுவனின் ஒரு கேள்விக்கு விடை வரவில்லை. மதம் அந்தக் கேள்வியிலே இருக்கிறது; அறம் இருக்கிறது; இன்றைய சமுதாயத்தின் புண் இருக்கிறது. மூன்றையும் ஒரே கயிற்றிலே முறுக்கி ஆசிரியரின் கையிலே தந்துவிட்டான் அந்தப் பயல்!

அந்தக் கயிறு எதற்கு என்பதை நம்மிலே அறியாதார் உண்டோ? இன்ன நிறம் இன்ன சாதி என்று பிள்ளைகளே பிரித்தறியும் வண்ணக் கயிறுகள் பள்ளிகளிலே நடமாடுவதைக் கண்டு, 2019ஆம் ஆண்டிலேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விடுத்தது. சுற்றறிக்கை கோப்பிலே உறங்கிற்று; கயிறு கையிலே விழித்திருந்தது. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டத்து நாங்குநேரியிலே, பன்னிரண்டாம் வகுப்பு படித்துக் கொண்டிருந்த ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டப்பட்டாள். வெட்டியவர்கள் யார்? கூலிப் படையினரா? இல்லை. அவனோடு ஒரே பள்ளியிலே படித்த பிள்ளைகள்! அவர்கள் தந்த தொல்லையை அவன் பள்ளியிலே முறையிட்டிருந்தான். அதுதான் அவர்கள் கண்ட 'குற்றம்'.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி முதலியவற்றைத் தடுக்க வேண்டும். மாணவரை அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும். உதவித்தொகை பெறுவோர் யார் என்று வகுப்பிலே பலர் அறியக் கேட்கலாகாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறிக்கென வாரம் ஒரு பாடவேளை வேண்டும் என்றும் சொல்லிற்று. நெற்றிக் குறியைப் பற்றிய பரிந்துரைக்கு எதிர்ப்பு எழுந்ததையும் கண்டோம். எது மதச் சின்னம், எது சாதிச் சின்னம் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அந்தச் சிறுவன் கேட்டதும் அதைத்தானே!

வாரம் ஒரு பாடவேளை என்றதும் எனக்கு என் பள்ளி நாட்கள் நினைவுக்கு வந்தன. எங்களுக்கும் நீதிபோதனை வகுப்பு இருந்தது, கால அட்டவணையிலே! வகுப்பறைக்குள் வருபவர் கணக்கு ஆசிரியர். "நீதி எங்கே ஓடிவிடப் போகிறது? பின்னக் கணக்கு பாக்கி நிற்கிறது" என்பார். ஆண்டு முழுவதும் பின்னக் கணக்கிலே நீதி கழிந்துபோயிற்று. அவரைக் குறை கூறேன். நீதியிலே தேர்வு வைப்பதில்லை, கணக்கிலே வைத்தார்கள்.

பாடவேளை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன பேசுவது? "மதத்தைப் பற்றி அரசுப் பள்ளியிலே பேசவே கூடாது, சட்டம் தடுக்கிறது" என்று நண்பர் சொன்னார். பலரும் அப்படித்தான் எண்ணுகின்றனர். அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். அரசு நிதியிலேயே முழுவதும் நடைபெறும் கல்விக்கூடத்திலே மத போதனை கூடாது என்கிறது. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பிற பள்ளிகளிலும், இசைவின்றி எவரையும் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தலாகாது. சிறார் ஆயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும் என்கிறது. தடுக்கப்பட்டது போதனை. பேச்சு அன்று, படிப்பு அன்று, கேள்வி அன்று!

இது என் வக்கீல்தனம் அல்ல, தோழர்களே. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையிலே இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, வேதமும் ஸ்மிருதியும் கற்பிக்கும் சமஸ்கிருதக் கல்லூரிகளின் கதி என்ன என்று உறுப்பினர் ஒருவர் வினவினார். அண்ணல் அம்பேத்கர் தந்த விளக்கத்தின் சாரம் இது: மத போதனை வேறு, மதத்தைப் பற்றிய படிப்பும் ஆராய்ச்சியும் வேறு. கடவுள் ஒருவரே என்று நம்பு, நபிகளே இறுதித் தூதர் என்று நம்பு என்றால், அது போதனை. இப்படி நம்புகின்ற மக்கள் இருக்கின்றனர், அவர்தம் நூல் இது, வரலாறு இது என்று கற்றால், அது படிப்பு. பல மதத்தார் செலுத்தும் வரிப்பணத்தை ஒரு மதத்தைப் பரப்பச் செலவிடுவது எங்ஙனம் முறையாகும் என்றும் அவர் கேட்டார்.

பின்னர் வந்த குழுக்களும் ஏறத்தாழ அந்த வழியிலேயே நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு, மத போதனை வேண்டுமாயின் பள்ளி நேரத்துக்குப் புறத்தே, விரும்புவோர்க்கு மட்டும் என்று 1953இல் கூறிற்று. 1966இல் கோத்தாரி குழு, மதக் கல்வி வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு என்றது. 2002இல் உச்ச நீதிமன்றமும் அருணா ராய் வழக்கிலே அதை ஒப்பியது. சட்டத்திலே இடமிருக்கிறது. வகுப்பறையிலேதான் அஞ்சி ஒதுங்கி நிற்கிறோம்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கேரளத்தின் கதையைக் கேளுங்கள். 2008இல் ஏழாம் வகுப்புச் சமூகப் பாட நூலிலே ஒரு பாடம் வந்தது. ஜீவன் என்ற சிறுவனைப் பள்ளியிலே சேர்க்கப் பெற்றோர் வருகின்றனர். தந்தையின் பெயர் ஒரு மதத்தைக் காட்டுகிறது, தாயின் பெயர் மற்றொரு மதத்தை. பையனின் மதம் என்ன என்று தலைமையாசிரியர் கேட்கிறார். மதம் இல்லை என்று எழுதுங்கள், வளர்ந்தபின் அவனுக்கு விருப்பம் தோன்றினால் அவனே தேர்ந்துகொள்ளட்டும் என்கின்றனர் பெற்றோர். இவ்வளவுதான் பாடம். நூல் கொளுத்தப்பட்டது, தெருக்கள் கொதித்தன. அவ்வாண்டு ஜூலையில் மலப்புரம் மாவட்டத்திலே, ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது தாக்குண்ட தலைமையாசிரியர் ஒருவர் மாண்டு போனார். ஒரு பாடத்துக்காக ஓர் உயிர்! அரசு குழு அமைத்தது, பாடம் திருத்தப்பட்டது.

அந்தப் பாடத்தைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். உரையாடலைவிட அதன் பின்னே இருந்த பயிற்சி வினாதான் என்னைக் கவர்ந்தது. விலைவாசி உயர்வு, குடிநீர்ப் பஞ்சம், தொற்றுநோய், நிலநடுக்கம் — இவை எந்த மதத்தாரை மிகுதியாகத் தாக்கும் என்பது வினா. விடையைப் பிள்ளையே கண்டுகொள்வான். வாத்தியார் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. உரையாடலிலோ, எந்தப் பாத்திரத்தின் பக்கம் நூலாசிரியர் நிற்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. வினாவை முன்னே வைத்து, மதம் உள்ள குடும்பம் ஒன்றையும் மதம் வேண்டாத குடும்பம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அமர்த்தியிருந்தால்? எதிர்ப்பு எழாமல் இருந்திருக்கும் என்று சொல்லேன். எதிர்க்க வேண்டும் என்று இருந்தோர் எப்படியும் எதிர்த்திருப்பர். ஆனால் நம் பக்கத்து நியாயம் இன்னும் பலமாக இருந்திருக்கும்.

இங்கே நமக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது, தோழர்களே. 2024இல் சென்னையில் ஓர் அரசு மகளிர் பள்ளிக்கு வெளியிலிருந்து சொற்பொழிவாளர் ஒருவர் வந்தார். முற்பிறவிப் பாவமே இப்பிறவியின் உடற்குறைக்குக் காரணம் என்ற பொருள்படப் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து அதை எதிர்த்தார். செய்தி பரவியது, பேச்சாளர் பின்னர் கைதும் செய்யப்பட்டார். கைதைக் கேட்டு நம் தோழர்கள் மகிழ்ந்தனர். எனக்கு அந்தக் கைதைவிட அந்த ஆசிரியர் எழுந்து நின்றதே பெரிதாகத் தோன்றிற்று. மேடையிலே ஒலிபெருக்கியோடு ஒருவர் சொல்வதை, மேடைக்குக் கீழே ஒருவர் மறுக்கலாம் என்பதை அந்தப் பெண்கள் கண்ணாரக் கண்டனர்.

நான் கேட்பது இது. அந்த மேடையிலே நம்மவர் ஒருவர் ஏறி, நமக்குப் பிடித்த கருத்தை, மறுபேச்சுக்கு இடமின்றி முழங்கியிருந்தால்? கைதட்டியிருப்போமா, மாட்டோமா? நான் தட்டியிருப்பேன். ஒப்புக்கொள்கிறேன். நம் கொள்கை மீது எனக்குள்ள பற்று அத்தகையது. ஆனால் அந்தக் கைதட்டலிலே குற்றம் இருக்கிறது. பள்ளிக்கூடம் நம் கிளைக் கழகம் அன்று. மாணவன் நம் சுவரொட்டி ஒட்டும் சுவர் அன்று. நம் கூட்டத்துக்கு வருபவர் விரும்பி வருகிறார், பிடிக்காவிட்டால் எழுந்து போகிறார். வகுப்பிலே இருக்கும் பிள்ளை எழுந்து போக இயலுமா?

கேரளத்திலேயே, 1985இல், தங்கள் மத நம்பிக்கை காரணமாக நாட்டுப்பண் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்கச் சொல்லிற்று. அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கை எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்பு உடன்பாடு.

"அப்படியானால் ஆசிரியர் எதிலும் பட்டுக்கொள்ளாமல், அவரவர் கருத்து அவரவர்க்கு என்று நழுவ வேண்டியதுதானா?" என்று கேட்பீர்கள். இல்லை! பிரெஞ்சு நாட்டிலே ஜூல் ஃபெரி என்ற கல்வி அமைச்சர், 1882இல் அரசுப் பள்ளியின் மத போதனையை நீக்கி அறப்பாடத்தைக் கொண்டுவந்தவர், மறு ஆண்டு ஆசிரியர்களுக்கு ஒரு மடல் விடுத்தார். ஐயம் எழுந்தால், மாணவனின் தந்தை ஒருவர் வகுப்பிலே அமர்ந்து கேட்பதாக எண்ணிக் கொள். நல்லெண்ணம் கொண்ட அந்தத் தந்தை மறுப்பார் எனத் தோன்றினால் பேசாதே. இல்லையேல் துணிந்து பேசு என்பது அவர் தந்த அளவுகோல். அழகான அளவுகோல்தான். நம் ஊரிலே அதை நட்டுப் பாருங்கள்! என் மகன் அந்தத் தெருப் பையனோடு ஒரே பலகையில் அமரலாமா என்று கேட்கும் தந்தை, தம் மனத்துக்கு நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். அவர் முகம் சுளிப்பார் என்பதற்காக ஆசிரியர் வாயை மூட வேண்டுமோ?

ஆகவே எனக்குத் தோன்றும் வழி இது. கடவுள் உண்டா, இறந்தபின் என்ன, எந்த வழிபாடு சிறந்தது என்ற கேள்விகளிலே ஃபெரியின் அளவுகோல் சரி. ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் பேசட்டும், ஒருவர் வீட்டு வழக்கத்தை மற்றவர் கேட்டறியட்டும். ஆனால் ஒருவன் மற்றொருவனுக்குத் தாழ்ந்தவனா என்ற கேள்வி அத்தகையது அன்று. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 17ஆவது பிரிவு எழுதிவிட்டது. அதிலே இரு பக்கம் இல்லை. அங்கே ஆசிரியர் தந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்திலும் வெறும் கட்டளை உதவாது என்பதைத்தான் அந்தச் சிறுவன் காட்டிவிட்டான். கட்டளை கயிற்றை அறுக்கும். மறுநாள் அதே நிறத்திலே பனியன் வரும்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "சரி, அவனிடம் என்ன சொல்ல?" என்று மறுபடி முதற் கேள்விக்கே வந்தார். நல்ல ஆசிரியர்! "நீங்கள் சொல்லாதீர்கள். அவனைக் கேளுங்கள்" என்றேன். அந்தக் கயிற்றை எந்தக் கோயிலிலே கட்டினார்கள்? அந்தக் கோயிலுக்கு வந்தவர் எல்லாருக்கும் அதே நிறம்தான் தந்தார்களா? அப்பத்தா சிறுமியாய் இருந்தபோது அவர் கையிலே என்ன நிறம்? பக்கத்துத் தெருப் பையனும் அதே சாமியைத்தானே கும்பிடுகிறான், அவன் கையிலே ஏன் வேறு நிறம்? இதையெல்லாம் அப்பத்தாவிடமே கேட்டு வரச் சொல்லுங்கள். அவரை இகழ்ந்து ஒரு சொல்லும் வேண்டாம்; பேரனுக்குத் தீங்கு வராதிருக்கத்தான் அந்த அம்மை கட்டினார். கட்டளை அதுபாட்டுக்கு நிற்கட்டும். கயிறு பள்ளி வாயிலிலே அவிழ்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் அது ஏன் அவிழ்கிறது என்பதை வகுப்பு பேசட்டும். நாங்குநேரியைச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். அவன் வயதுக்குக் கொஞ்சம் மூத்த பிள்ளைகள்தாம் அரிவாளை ஏந்தினார்கள்.

"ஒரு பாடவேளை போதாதே" என்றார் நண்பர். போதாதுதான். கணக்கு ஆசிரியரிடம் இரண்டு பாடவேளை கடன் கேட்டிருக்கிறாராம். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவிலே நம் தோழர்கள் இருவர் இருக்கின்றனர். கூட்டம் முடிந்ததும் அவர்கள் என்னை வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.