முதியோர் ஓய்வூதியமும் குடும்பத்தின் உழைப்பும்

(பயிற்சி அதிகாரிகளிடையே ஆற்றிய உரை)



முதியோர்க்கு அரசு மாதந்தோறும் பணம் வழங்கினால், அவ்வீட்டு இளைஞர் உழைப்பைக் கைவிடுவர் என்ற ஐயப்பாடு நிதி ஒதுக்கீட்டுக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. இதனைப் புறக்கணிப்பது முறையன்று. முதியவர் தாமே கூலி வேலையை விடுவதைப் பற்றி நான் பேசவில்லை. ஓய்வூதியம் என்ற சொல்லின் பொருளே அதுதான். மற்றவர்களின் உழைப்பு என்னவாகிறது என்பதே கேள்வி. இதற்குத் தக்க சான்று தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது.

அங்கு 1928-இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம், கறுப்பின மக்களுக்கு 1944-இல்தான் நீட்டிக்கப்பட்டது. அதுவும் குறைந்த தொகையில். 1993 அளவில் இந்த இனவேறுபாடு அகன்றது. அப்போது ஒரு முதியவர் பெற்ற தொகை, கறுப்பின மக்களின் இடைநிலைத் தலா வருமானத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு பாட்டியின் பணத்தில் ஒரு குடும்பமே உண்ணலாம் என்ற நிலை.

1993-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஆராய்ந்த மரியன் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன், டக்ளஸ் மில்லர் ஆகியோர், ஓய்வூதியம் வரும் வீடுகளில் உழைக்கும் வயதினரின் வேலை குறைவதாக 2003-இல் எழுதினர். பணம் பெறுபவர் பெண்ணாயின் இக்குறைவு மிகுதி. ஐயப்பாடு மெய்யென்றே தோன்றியது.

ஆயினும் அவர்கள் எண்ணியது வீட்டில் தங்கியிருந்தவர்களை மட்டுமே. டோரிட் போசல், ஜேம்ஸ் ஃபேர்பர்ன், ஃபிரான்சஸ் லண்ட் மூவரும் 2006-இல், வெளியூருக்குப் பிழைக்கச் சென்ற உறுப்பினர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்தக் குறைவு காணப்படவில்லை. மாறாக, ஓய்வூதியம் வரும் கிராமத்து வீடுகளிலிருந்து பெண்கள் வேலைக்காகப் புறப்படுவது கூடியிருந்தது. குவாசுலு-நட்டாலில் அதே குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 2009-ஆம் ஆண்டு ஆய்வும் இதனை உறுதிப்படுத்தியது.

காரணம் எளிது. வேலை தேடுவதற்கும் முதல் வேண்டும்: வழிச்செலவு, முதற் கூலி கைக்கு வரும்வரை உணவு. தாய் புறப்பட வேண்டுமெனில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பணமும் பாட்டியும் ஒரே வீட்டில் அமைந்தபோது இரண்டும் கிடைத்தன.

நம் நாட்டில் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1995 ஆகஸ்ட் 15-இல் மாதம் 75 ரூபாயுடன் தொடங்கியது. 2006-இல் 200 ரூபாயாக உயர்ந்தது; 2011-இல் தகுதி வயது 65-இலிருந்து 60 ஆகக் குறைந்தது. எண்பது வயதுக்குட்பட்டோர்க்கு மத்திய அரசின் பங்கு இன்றும் அந்த 200 ரூபாய்தான். மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன, சில தாராளமாக, சில பெயரளவில். இருநூறு ரூபாயை நம்பி எவரும் வேலையை விடப்போவதில்லை. பிற மாநிலத்துக்கு ரயிலேறவும் அது போதாது. ஆகவே தென்னாப்பிரிக்க முடிவை, நன்மையாயினும் தீமையாயினும், அப்படியே இங்கு பொருத்துதல் தவறு.

எனக்குள்ள கவலை வேறு. நம் தேசிய மாதிரி ஆய்வில் குடும்பம் என்பது, ஒன்றாக வாழ்ந்து பொதுச் சமையலில் உண்போரின் தொகுதி. ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளியே இருப்பவர் அதிலிருந்து நீங்கிவிடுகிறார். சூரத் நெசவாலைக்குச் சென்ற மகன் ஒடிசா வீட்டின் கணக்கில் வரமாட்டான். வீட்டில் எஞ்சியோரைப் பார்த்து, ஓய்வூதியம் சோம்பலை வளர்க்கிறது என்று நாமும் எழுதிவிடலாம். உங்கள் மாவட்டத்தில் இத்திட்டத்தை மதிப்பிடும்போது, வீட்டில் யார் இருக்கிறார் என்பதோடு, யார் புறப்பட்டுப் போனார், எப்போது போனார், அவருடைய குழந்தை யாரிடம் வளர்கிறது என்ற மூன்று வினாக்களையும் படிவத்தில் சேருங்கள்.