மலைக்கு வர்ற காசு மலையில தங்குதா?

(எபிசோட் ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஒரு ஃபோன் கால்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

என் மாமா, அதாவது அம்மாவோட தம்பி, பழனி மலையோட கீழ்மலைப் பகுதியில இருக்கார். கொடைக்கானல் போற கூட்டம் இன்னும் முழுசா எட்டிப் பார்க்காத பக்கம். அவருக்கு ரெண்டரை ஏக்கர் நிலம். காபி, நடுவுல மிளகுக்கொடி, ஓரத்துல வாழை, நாலஞ்சு பட்டர் ஃப்ரூட் மரம். போன மாசம் ஒரு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

"மாப்ள, ரிசார்ட் கட்டணும்னு ஒருத்தர் வந்திருக்கார். ஒன்றரை ஏக்கர் விலைக்குக் கேக்குறார். டூரிஸ்ட் வந்தா ஊரே முன்னேறிடும்னு வேற சொல்றார். நீ படிச்சவன், சொல்லு. நெசமாவே முன்னேறுமா?"

எனக்குப் பதில் தெரியலை. 'யோசிச்சுச் சொல்றேன் மாமா'ன்னு வெச்சுட்டேன். அவர் பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்குது. பணத்தேவை இருக்குன்னு எனக்குத் தெரியும். அதனால சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. இந்த எபிசோட், நான் அவருக்காகத் தேடிப் பார்த்ததுதான்.

என் யுபிஐ ஹிஸ்டரி சொன்ன கதை

புரோக்ராம்ல பிரச்சினைன்னா நாங்க முதல்ல லாக் ஃபைலைத் திறப்போம். இதுக்கும் அதையே செஞ்சேன். போன வருஷம் நாங்க ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேர் அதே கீழ்மலைப் பக்கம் ரெண்டு நாள் போயிருந்தோம். அந்த வார இறுதியோட யுபிஐ ஹிஸ்டரியை எடுத்து ஒவ்வொண்ணா எழுதினேன்.

சென்னையில வாடகைக்கு எடுத்த கார் 7,200. பெட்ரோல் 7,100. டோல் 1,600. வழியில ஹைவே ஓட்டல் சாப்பாடு 4,200. ஆப்ல புக் பண்ணின காட்டேஜ் 12,000. வத்தலக்குண்டுல வாங்கின சிக்கன், முட்டை, தண்ணி கேன், சிப்ஸ் எல்லாம் சேர்த்து 3,900. மொத்தம் 36,000 ரூபாய்.

இதுல அந்த மலை ஊர்க்காரங்க கைக்கு நேராப் போனது எவ்வளவு? மேல சொன்ன எதுவும் இல்லை. அது தனிக் கணக்கு. ஜீப் அண்ணனுக்கு 1,200. டீ, பஜ்ஜி 260. ஒரு பாட்டிகிட்ட வாங்கின மிளகு 300. ஆக 1,760 ரூபாய். எல்லாத்தையும் கூட்டினா 37,760. அதுல 1,760ன்னா நூத்துக்கு அஞ்சு ரூபாய்கூட இல்லை.

காட்டேஜ் ஊர்லதானே இருக்குன்னு கேப்பீங்க. கட்டடம் ஊர்ல இருக்கு, ஓனர் சென்னையில இருக்கார். ஆப்காரங்க கமிஷன் போக மிச்சம் அவர் அக்கவுன்ட்டுக்குப் போகும். ஊருக்கு வர்றது வாட்ச்மேன் சம்பளமும் துணி துவைக்கிற அக்காவோட கூலியும்தான்.

"மலைக்குப் போய் நல்லா செலவு பண்ணிட்டு வந்தோம்டா"ன்னு நாங்க பேசிக்கிட்டே திரும்பினது ஞாபகம் இருக்கு. செலவு பண்ணினது உண்மை. மலையில பண்ணலை, அவ்வளவுதான்.

நூறு ரூபாய் எத்தனை கை மாறுது?

இதுக்குப் பொருளாதாரத்துல லீக்கேஜ்னு பேர். கசிவு. சுற்றுலாவால ஒரு ஊருக்கு வர்ற பணம், ஊருக்குள்ள சுத்தாம வெளியே போறது.

சின்னக் கணக்கு ஒண்ணு போடுவோம். ஒரு ஊருக்குள்ள 100 ரூபாய் வருது. அதை வாங்கினவங்க ஒவ்வொருத்தரும் பாதியை அதே ஊர்ல செலவு பண்றாங்க. அப்போ 100, அடுத்து 50, அடுத்து 25, இப்படியே போய் மொத்தம் 200 ரூபாய்க்கு ஊர்ல வியாபாரம் நடக்கும். இன்னொரு ஊர்ல பத்துல ஒரு பங்குதான் உள்ளேயே செலவாகுது. அங்க 100, அடுத்து 10, அடுத்து 1. மொத்தம் 111 ரூபாய்.

ரெண்டு ஊருக்கும் வந்தது அதே 100 ரூபாய்தான். வந்த டூரிஸ்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்தா இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 'இந்த வருஷம் இத்தனை லட்சம் பேர் வந்தாங்க'ன்னு செய்தி வரும்போது, அந்த நம்பர் ஊரோட வருமானத்தைப் பத்தி நமக்கு ஒண்ணும் சொல்றதில்லை.

சரி, கசிவை அடைச்ச ஊர் ஏதாவது இருக்கா? அப்படித் தேடினப்போதான் குமரகம் கிடைச்சது.

குமரகத்துல என்ன செஞ்சாங்க?

கேரளாவுல கோட்டயம் மாவட்டம், வேம்பநாட்டு ஏரிக்கரை. 2000 டிசம்பர் கடைசியில, அப்போ பிரதமரா இருந்த வாஜ்பாய் அங்க போய்த் தங்கினார். அதுக்கப்புறம் அந்தப் பேர் நாடு முழுக்கத் தெரிஞ்சது. நட்சத்திர ரிசார்ட்டுகள் ஏரிக்கரையில வரிசையா இருக்கு.

ஆனா ஊர்க்காரங்களுக்குக் கோபம். ஏரிக்கரை நிலம் கை மாறிடுச்சு. மீன் பிடிக்கிறவங்க ஏரியில இறங்கிட்டிருந்த வழிகள் மதிலுக்குள்ள போச்சு. வயல் தரிசாக் கிடந்தது. ரிசார்ட் சமையலறைக்குக் காய்கறி வெளியூர்லேர்ந்து வந்தது. என் யுபிஐ கணக்கோட பெரிய சைஸ் இது.

2007ல கேரளச் சுற்றுலாத் துறை 'பொறுப்புச் சுற்றுலா'ன்னு ஒரு திட்டத்தை ஆரம்பிச்சு, நாலு இடத்தைச் சோதனைக்கு எடுத்துக்கிட்டாங்க. குமரகம், தேக்கடி, கோவளம், வயநாடு. குமரகத்துல 2008ல வேலை சூடு பிடிச்சது. அவங்க பண்ணினது கேக்க ரொம்பச் சாதாரணமா இருக்கும். ஓட்டல் சமையலறைக்கு என்னென்ன வேணும்னு பட்டியல் எடுத்தாங்க. அதுல ஊர்ல எது விளையும்னு பார்த்தாங்க. விளைய வைக்கிற வேலையை ஊர்ப் பெண்கள் குழுக்கள் எடுத்துக்கிட்டாங்க. 1998ல கேரளா ஆரம்பிச்ச குடும்பஸ்ரீ திட்டத்துல இருக்கிற குழுக்கள். தரிசாக் கிடந்த நிலத்துல திரும்பக் காய்கறி போட்டாங்க.

இதுல சிக்கல் எங்க வரும்னு யோசிச்சுப் பாருங்க. ஓட்டல்காரருக்குத் தினமும் ஒரே அளவு, ஒரே தரம் வேணும். விவசாயிக்கு இன்னைக்கு இருபது கிலோ வெண்டைக்காய் வரும், நாளைக்கு மழை வந்தா ரெண்டு கிலோகூட வராது. விலையும் தினம் மாறும். ரெண்டு பேரும் நேரா மோதினா ஒரு மாசத்துல 'உங்க சங்காத்தமே வேணாம்'னு போயிடுவாங்க. அதனால நடுவுல பஞ்சாயத்து உட்கார்ந்தது. விலையைப் பேசி முடிவு பண்ண ஒரு கமிட்டி. தரம் பார்க்க ஒரு கமிட்டி. சரக்கை ஒரே இடத்துல சேர்த்து ஓட்டலுக்குக் குடுக்க ஓர் ஏற்பாடு.

இது போக, ஊர் வாழ்க்கையைக் காட்டுற பயணம் ஒண்ணு. கயிறு திரிக்கிறது, ஓலை முடையறது, கள் இறக்குறது, வலை வீசுறது. டூரிஸ்ட் வந்து பார்ப்பாங்க, செஞ்சும் பார்ப்பாங்க. வீட்டுக்காரங்களுக்கு அதுக்குக் காசு உண்டு.

ஐ.நா.வோட உலகச் சுற்றுலா அமைப்பு 2013ஆம் ஆண்டுக்கான யுலிசஸ் விருதைக் கேரளச் சுற்றுலாத் துறைக்குக் குடுத்தது இந்த வேலைக்காகத்தான். 2017ல இதையே மாநிலம் முழுக்க ஒரு மிஷனா ஆக்கினாங்க.

எனக்கு இதுல பிடிச்சது, டூரிஸ்ட்டை அவங்க கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வந்த காசு போற வழியைத்தான் மாத்தினாங்க.

ஒட்டன்சத்திரத்துல இருந்து ஒரு கேள்வி

இதைப் படிச்சு நான் சந்தோஷப்பட்டுட்டு இருந்தப்போ, என் பெரியப்பா ஞாபகம் வந்தார். அவர் ஒட்டன்சத்திரம் பக்கம் அவரையும் முருங்கையும் போடுறவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்லேர்ந்து தினமும் கேரளாவுக்கு லாரி லாரியா காய்கறி போகுது. அவர்கிட்ட குமரகம் கதையைச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "அப்போ நம்ம லோடு குறையுமேப்பா."

சிரிச்சுட்டேன், ஆனா அவர் சொன்னது சரி. ஒரு ஊரோட கசிவு இன்னொரு ஊரோட வருமானம். எல்லாத்தையும் உள்ளூர்லயே வாங்கணும்னு பிடிவாதம் பிடிச்சா அதுவும் நடக்காது. மலையில எல்லாமே விளையாது. குமரகமும் எல்லாத்தையும் அடைக்கலை. ஊர்ல விளையறதை முதல்ல ஊர்ல வாங்குங்கன்னு மட்டும்தான் கேட்டாங்க. நிலம் போனவங்க, ஏரியோட வழி போனவங்க, அவங்களாவது இந்த வியாபாரத்துல ஒரு பங்கு கேக்கலாம்தானே?

குமரகம் சொர்க்கம்னும் நான் சொல்லலை. வித்த நிலம் திரும்பி வரலை. வேம்பநாடு 2002லேர்ந்து ராம்சர் பட்டியல்ல இருக்கிற ஈரநிலம். ஆனாலும் ஹவுஸ்போட் கழிவு இன்னும் அந்த ஏரிக்குத் தலைவலிதான்.

இன்னொண்ணும் இருக்கு. 2018 ஆகஸ்ட்ல கேரளாவுல வெள்ளம். 2020 மார்ச்ல லாக்டவுன். ரெண்டு தடவையும் டூரிஸ்ட் வரத்து நின்னுச்சு. ரூம் வாடகையை மட்டும் நம்பினவங்களுக்கு அன்னைக்கு வருமானம் ஜீரோ. ரூம் நேத்தைக்குக் காலியா இருந்தா, அதை இன்னைக்கு விக்க முடியாது. காய்கறி போட்டவங்களுக்குக் குறைஞ்சது வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும், பக்கத்துச் சந்தையில விக்கலாம். எங்க ஃபீல்ட்ல எல்லாத்தையும் ஒரே சர்வர்ல வைக்காதேன்னு முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்க. ஒரு குடும்பத்துக்கும் அதேதான். சுற்றுலா ரெண்டாவது வருமானமா இருக்கிற வரைக்கும் நல்லது. முதல் வருமானத்தை வித்துட்டு அதை வாங்கினா, அடுத்த லாக்டவுன்ல கையில ஒண்ணும் இருக்காது.

கூட்டம் ரொம்ப வந்தாலும் ஆபத்துதான். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் வேணும், சென்னை உயர் நீதிமன்றம் சொல்லித்தான் வந்துச்சு. ஒரு மலை எத்தனை வண்டி தாங்கும்னு கோர்ட் கேக்குற நிலைமை. அங்க இடம் இல்லாம வர்ற வண்டிதான் நாளைக்கு என் மாமா ஊருக்குத் திரும்பும்.

மாமாவுக்கு நான் சொன்னது

போன ஞாயித்துக்கிழமை அவரைக் கூப்பிட்டேன். 'விக்காதீங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. மாசா மாசம் சம்பளம் வாங்கிட்டு சென்னையில உட்கார்ந்திருக்கிறவன், காபி விலையை நம்பி ஃபீஸ் கட்டுறவர்கிட்ட அப்படிச் சொல்றது நியாயம் இல்லை. மூணு கேள்வி மட்டும் குடுத்தேன்.

ஒண்ணு: முட்டை, காய், காபி, மிளகு இதெல்லாம் யார்கிட்ட வாங்குவீங்க? எழுத்துல குடுப்பீங்களா?

ரெண்டு: ஊர்ப் பசங்களுக்கு என்ன வேலை? ரூம் கூட்டுறது மட்டுமா, இல்ல ரிசப்ஷன், கணக்கு, மேனேஜர் வேலையுமா?

மூணு: நிலத்தை விலைக்குத்தான் வேணுமா? குத்தகைக்கு எடுத்துக்க முடியாதா?

மாமா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ரெண்டாவது கேள்வியை நம்ம புள்ளைக்கே கேக்கலாம் போலயே மாப்ள"ன்னார். பக்கத்துத் தோட்டக்காரங்க மூணு பேர்கிட்டயும் அதே ஆள் விலை பேசியிருக்கார்னும் சொன்னார். அவங்களையும் கூப்பிட்டுச் சேர்ந்து போய்க் கேளுங்கன்னேன். தனியாக் கேட்டா 'முடியாது'ன்னு சுலபமா சொல்லிடலாம். நாலு பேர் சேர்ந்து கேட்டா உட்கார்ந்து பேசித்தான் ஆகணும். குமரகத்துல பஞ்சாயத்து செஞ்சதும் அதைத்தானே.

பதில் இன்னும் வரலை. மாமா வித்தாலும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா தெரிஞ்சு விக்கட்டும்.

ஃபோனை வைக்கிறதுக்கு முன்னாடி அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. "போன தடவை நீங்க வந்தப்போ வத்தலக்குண்டுல முட்டை வாங்கிட்டு வந்தீங்களே. உங்க அத்தை கோழி வளர்க்குறா, தெரியுமா?"

தெரியாது மக்களே. நான் கேக்கவே இல்லை.

அடுத்த தடவை நீங்க மலைக்குப் போனா, கீழேயே எல்லாத்தையும் வாங்கி டிக்கியை நிரப்பாதீங்க. மேல போய், 'இங்க என்ன கிடைக்கும்?'னு ஒரு வார்த்தை கேளுங்க. திரும்பி வந்ததும் யுபிஐ ஹிஸ்டரியைத் திறந்து கணக்குப் பாருங்க. உங்க நம்பர் என்னோட அஞ்சு சதவீதத்தை விட அதிகமா இருந்தா எனக்கு எழுதுங்க, நான் சந்தோஷப்படுவேன். மாமா என்ன முடிவு எடுத்தார்னு தெரிஞ்சதும் சொல்றேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.